வௌவாலுக்கு வக்காலத்து

ஏலே பேராண்டி, வௌவாலுக்குக் காதே கண்ணு, இப்படி ஒரு வித்தை தானா வருமா, அறிவுள்ள ஒருத்தன் திட்டம் போட்டுச் செஞ்சாத்தான் வரும்னு ஊரெல்லாம் பேசிக்கிட்டுத் திரியிறியாமே. பேசு, நல்லதுதான். ஆனா சாட்சிக்கு நம்ம புளியமரத்துல தொங்குற பெரிய வௌவாலைக் கையைக் காட்டுனியாம். அங்கதான் இடிக்குது. அது பழந்தின்னி. அதுக்குச் சத்தம் போட்டு எதிரொலி கேட்டு வழி பார்க்கிற வித்தையெல்லாம் கிடையாது. கண்ணையும் மூக்கையும் வச்சுத்தான் பொழைப்பு. நீ சொல்ற வித்தைக்காரன், பாழடைஞ்ச மண்டபத்துல அடைஞ்சுகிட்டு ராத்திரி பூச்சி பிடிச்சுத் திங்கிற சின்ன வௌவால். கடவுளுக்காகக் கூண்டேத்துற சாட்சியையாவது சரியா அடையாளம் காட்ட வேண்டாமா?

சரி, சின்னவனையே கூப்பிடுவோம். 1790-கள்ல இத்தாலியில ஸ்பல்லன்சானின்னு ஒரு பாதிரியார். கண்ணு போன வௌவாலும் எதுலயும் முட்டாமப் பறக்கிறதைப் பார்த்தார். ஜெனீவாவுல ஜூரின்னு ஒருத்தர் காதை அடைச்சு விட்டார். வௌவால் முட்டி மோதிச்சு. பாதிரியாரும் செஞ்சு பார்த்தார், அதேதான். பூசை வைக்கிற மனுஷன், ‘எல்லாம் ஆண்டவன் லீலை’ன்னு சொல்லிப்புட்டு இழுத்துப் போர்த்திப் படுத்திருக்கலாம். படுக்கலையே! 1938-ல அமெரிக்காவுல, ஹார்வர்டு மாணவன் கிரிஃபின், நமக்குக் கேக்காத சத்தத்தையும் பிடிக்க ஒரு இயற்பியல் பேராசிரியர் செஞ்ச கருவிக்கு முன்னால வௌவாலைக் கொண்டுபோய் வச்சான். மனுஷக் காது வினாடிக்கு 20,000 அதிர்வோட நின்னுபோகும். வௌவால் அதுக்கு மேல கத்திக்கிட்டிருந்துச்சு. நம்ம செவிட்டுத்தனத்தைத்தான் இத்தனை காலமா அதோட அமைதின்னு நெனச்சிருந்தோம்.

உன் வாதமும் புதுசு இல்லலே. 1802-லயே இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் பேலி எழுதிட்டார்: பொட்டல்ல ஒரு கடிகாரம் கிடந்தா அதைச் செஞ்சவன் ஒருத்தன் இருப்பான்ல, அதே மாதிரி கண்ணைச் செஞ்சவனும் ஒருத்தன் உண்டுன்னு. கேக்க ஜோராத்தான் இருக்கு. கேம்பிரிட்ஜ்ல படிக்கிறப்ப டார்வினே அதுல சொக்கிப்போனவர்தான். அப்புறம் 1859-ல வேற விதமா எழுதினார். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: உன் கைக்கடிகாரம் என்னிக்காவது குட்டி போட்டிருக்கா? ஆடு போடுது. ஒரே ஈத்துல பிறந்த ரெண்டு குட்டி அச்சா ஒண்ணுபோல இருக்கா? காது கூர்மையானது நரிக்குத் தப்பும், மந்தமானது மாட்டிக்கிடும். தப்பினதுதான் அடுத்த குட்டி போடும். அதையே தலைமுறை தலைமுறையா ஓட்டிப் பாரு. 1994-ல சுவீடன்ல நில்சன், பெல்கர்னு ரெண்டு பேர் கணக்குப் போட்டாங்க. வெளிச்சத்தை மட்டும் உணர்ற தட்டைத் தோலு, மீன் கண்ணு மாதிரி ஆக, எவ்வளவு இழுத்துப் பிடிச்சுக் கணக்குப் போட்டாலும் 4 லட்சம் தலைமுறை ஆகாதாம்.

இன்னொரு வம்பும் இருக்கு. அந்தச் சின்ன வௌவாலுக்கு இரை அந்துப்பூச்சி. பல அந்துப்பூச்சிக்கு வௌவால் போடுற சத்தம் கேக்கும். கேட்டதும் வளைஞ்சு நெளிஞ்சு கீழ விழுந்து தப்பிச்சிரும். சில ஜாதிப் பூச்சி திருப்பிச் சத்தம் போட்டு வௌவாலையே குழப்பிவிடுது. ரெண்டுக்கும் திட்டம் போட்டவன் ஒருத்தன்னா, வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே வக்கீலுன்னு ஆகுது. அப்படி ஒருத்தனை நம்ம தாலுகா கோர்ட்டுலயே விடமாட்டாங்களேப்பா!

அப்புறம் உன் கண்ணு. வெளிச்சம் பிடிக்கிற செல்லுக்கு முன்னால நரம்பை ஓடவிட்டு, அந்த நரம்பு மூளைக்குப் போக விழித்திரையில ஓட்டை போட்டு, அந்த இடத்துல பார்வையே இல்லாம ஆக்கி வச்சிருக்கு. ஆக்டோபஸுக்கு நரம்பு பின்பக்கமாப் போகுது, குருட்டுப் புள்ளி கிடையாது. செஞ்சவனுக்கு உன்னைவிட ஆக்டோபஸ் மேலதான் பிரியம் போல. பூனையைப் பாரு, அதுக்கு இனிப்பு தெரியாது. இனிப்பு அறிய வேண்டிய மரபணு உள்ளதான் இருக்கு, ஆனா கெட்டுக் கிடக்கு. முன்னோர் வழி வந்த மிச்சம்னா எனக்குப் புரியுது. புதுசாத் திட்டம் போட்டவன் எதுக்கு உடைஞ்சதை உள்ள வச்சு அனுப்பணும்?

அமெரிக்காவுல டோவர்ங்கிற ஊர்ல, இந்தத் திட்ட வாதத்தைப் பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைக்கப் பார்த்தாங்க. பெத்தவங்க வழக்குப் போட்டாங்க. 2005-ல நீதிபதி ஜோன்ஸ் இது அறிவியல் இல்லேன்னு தீர்ப்பு எழுதினார். அவர் ஒண்ணும் கறுப்புச் சட்டைக்காரர் இல்ல; அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமிச்ச ஆளு.

சாமி கும்பிடாதேன்னு நான் சொல்லலலே. தாராளமாக் கும்பிடு, சுண்டல் குடுத்தா எனக்கும் கொண்டா. ஆனா உனக்கு விடை தெரியாத இடமாப் பார்த்துப் பார்த்து அவரைக் குடிவைக்காதே. நாளைக்கு ஒரு கிரிஃபின் வந்து விடை கண்டுபிடிச்சா, சாமி மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான். நம்ம ஊர் நாத்திகன் நாப்பது வருசமா மைக்குல கத்துறான். அவனால ஒரு சாமியைக்கூடக் காலி பண்ண முடியல. பக்தன் நீ, வருசத்துக்கு ஒரு தடவை வீடு மாத்த வைக்கிறியே!