மேஸ்திரி மாப்ளைக்கு மாமன் சொல்ற யோசனை

வாங்க மாப்ளே, வாங்க. மேஸ்திரிக்கு ஒரு டீ போடப்பா, சீனி தூக்கலா. மொகமே கசந்து கெடக்கு.

என்ன, சித்தாளுக நின்னுட்டாகளா? ஆலங்குடி சைட்ல சென்ட்ரிங் அடிச்சு, கம்பி கட்டி, கான்கிரீட்டுக்கு நாளும் குறிச்சாச்சு. இப்பப் போயி கூலி பத்தலேங்கிறாகளாக்கும். அடப்பாவமே! ஆம்பளை ஆளுக்கு எழுநூறு, பொம்பளை ஆளுக்கு நானூத்தி அம்பது. இதுல என்ன கொறை கண்டாக? நீ ஞாயஸ்தனாச்சே. பதினோரு மணி டீயும் வடையும் ரெண்டு பேருக்கும் ஒரே அளவுலதான குடுக்குறே.

மனசைத் தளர விடாதே. கூலியைக் கொறைச்சே குடுக்க மாமன் யோசனை சொல்றேன், காதைக் குடு.

ஆம்பளை கனம் தூக்குறான், அதுக்குத்தான் கூடக் கூலின்னு சொல்லிக்கிட்டுத் திரியிறியே, அது நல்ல காரணந்தான். ஆனா கான்கிரீட் போடுற அன்னைக்கு மட்டும் சைட்டைச் சுத்தித் தார்ப்பாய் கட்டி மறைச்சிரு. போன மாசம் நான் வேடிக்கை பார்த்தேன்டா. உன் எழுநூறு ரூபா ஆளு மெஷின்கிட்ட நின்ன எடத்துல நின்னு மம்பட்டியால அள்ளிப் போட்டான். அதைப் பாண்டு சட்டியில வாங்கி, சும்மாட்டு மேல ஏத்தி, ஆட்டங்குடுக்கிற சாரத்துல கால் வச்சு மாடிக்குக் கொண்டுபோனது பூரா நானூத்தி அம்பதுதான். இதெல்லாம் நாலு பேரு கண்ணுல படலாமா? தொழில் ரகசியம்.

சட்டம் ஒண்ணு இருக்குன்னு எவனாவது பயமுறுத்துவான். இருக்குதான். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே சம்பளம்னு அரசியல் சட்டத்துல 39-ஆவது பிரிவு சொல்லுது. 1976-ல அதுக்குன்னு தனியா சம ஊதியச் சட்டமே போட்டாக. நம்ம புதுக்கோட்டை தனி மாவட்டமா ஆகி ரெண்டு வருசந்தான் ஆகியிருந்துச்சு அப்ப. உன் மூளைதான் பெரிய மூளையாச்சே, உடனே என்ன சொல்வே? “சித்தாள் வேலைக்கு நான் ஆம்பளையே வைக்கிறதில்லை. அப்புறம் யாரோட ஒப்பிட்டுச் சமம் கேப்பே?” அப்படித்தானே?

மாப்ளே, இந்த மூளை உனக்கு முன்னாலயே பம்பாயில ஒரு கப்பல் கம்பெனிக்கு இருந்துச்சு. மெக்கின்னன் மெக்கன்சின்னு பேரு. ஸ்டெனோ வேலையில பொம்பளைகளைத் தனி வகையா ஒதுக்கி, ஆம்பளை ஸ்டெனோவை விடக் கம்மியாக் குடுத்தாக. ஆட்ரி டிகோஸ்டான்னு ஒரு அம்மா விடலை. சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. “இந்த வகையில ஆம்பளையே இல்லையே”ன்னு கம்பெனிக்காரன் சொல்லிப் பார்த்தான். “குடுக்கக் கட்டுப்படியாகாது”ன்னும் சொல்லிப் பார்த்தான். ரெண்டும் செல்லாதுன்னு 1987-ல தீர்ப்பு வந்துருச்சு. நம்ம கோர்ட்டு வாசல்ல டீ குடிக்க வர்ற வக்கீல் ஒருத்தரு சொன்னாரு. டீக்காசு நாந்தான் குடுத்தேன். அதனால இந்த யோசனைக்கு நீ எனக்குப் பத்து ரூபா பாக்கி.

சரி, ஆம்பளை கூலியையும் நானூத்தி அம்பதுக்கு எறக்கிட்டாச் சமம் ஆயிருமேன்னு கண்ணை உருட்டாதே. சட்டம் எழுதுனவன் உன்னைய மாதிரி ஆளை எங்கயோ பார்த்திருக்கான். சமமாக்குறேன்னு சொல்லி யாரு கூலியையும் கொறைக்கப்படாதுன்னு அப்பவே எழுதி வச்சுட்டான். 2019-ல அந்தச் சட்டத்தை ஊதியச் சட்டத் தொகுப்புல சேர்த்தப்பவும் அந்த வரியை மறக்காமத் தூக்கிட்டு வந்துட்டாக. 2025 நவம்பர் 21-ல இருந்து அது நடப்புக்கும் வந்துருச்சு.

ஆனா உன் கையில ஒரு பெரிய ஆயுதம் இருக்குடா. அதை எந்தக் கோர்ட்டும் லேசுல புடிக்க முடியாது. அதுதான் கரணை.

பதினெட்டு வயசுப் பய உன்கிட்ட கையாளா வர்றான். ஒரு மாசம் கலவை போடுறான். கொத்தனாரு டீ குடிக்கப் போற நேரத்துல கரணையை எடுத்து ரெண்டு கல்லு வச்சுப் பார்க்குறான். திரும்பி வந்த கொத்தனாரு, “கோணலா வச்சிருக்கேடா கழுதை”ன்னு வஞ்சுட்டு, நூலு புடிச்சுக் காட்டுறாரு. அப்புறம் தூக்குக்குண்டு, அப்புறம் ரசமட்டம், அப்புறம் பூச்சு வேலை. நாலு வருசத்துல அவன் கொத்தனாரு. உன் கதையே அதுதான? உன்கிட்ட இருவது வருசமாச் செங்கல் எடுத்துக் குடுக்குற அம்மாவுக்கு எந்தச் செவுரு சாயுதுன்னு உனக்கு முன்னாடி தெரியுது. போன வாரங்கூட, “அண்ணே, அந்த மூலை வெளிய தள்ளுது”ன்னு சொன்னது அதுதான். நீ கேக்கல. மக்யா நாள் இடிச்சுக் கட்டுனே. இருவது வருசத்துல அது கையில ஒரு நாள் கரணையைக் குடுத்திருப்பியா? குடுத்தா அதுவும் கொத்தனாரு ஆயிரும், அப்புறம் கொத்தனாரு கூலி கேக்கும். குடுக்காம இருக்கிறதுதான் புத்திசாலித்தனம். அதை விடாம பண்ணு. கேட்டா, “அதுகளுக்கு வேலை தெரியாது மாமா”ன்னு சொல்லு. நானும் தலையாட்டுறேன்.

நம்ம புதுக்கோட்டை ராசாதான் இந்த விசயத்துல ஏமாந்துட்டாரு. முத்துலெட்சுமின்னு ஒரு பொண்ணு மகாராசா காலேசுல படிக்கணும்னு கேட்டுச்சு. பயலுக படிக்கிற எடத்துல பொண்ணான்னு ஊரே குதிச்சுச்சு. தொண்டைமான் ராசா சேத்துக்கச் சொல்லிட்டாரு. 1907-ல அது மெட்ராசு மருத்துவக் காலேசுக்குப் போயி, 1912-ல டாக்டரா வெளிய வந்துச்சு. அதுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ராசா மட்டும் உன்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நீ பாண்டு சட்டியைக் குடுத்து அனுப்பியிருப்பே.

உங்க ஆத்தா கதை தெரியுமாடா உனக்கு? என் தங்கச்சிதான், தெரியாதுன்னு சொல்லிறாதே. வெயில்ல குந்தி ஜல்லி ஒடைச்ச கை அது. கல்லு காண்டிராக்டருக்கு, காசு காண்டிராக்டருக்கு, தூசி இவுகளுக்கு. 1991-ல அறிவொளி இயக்கம் வந்துச்சு. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாக. ராத்திரி அரிக்கேன் வெளக்கு வச்சு ஆனா ஆவன்னா, பகல்ல சைக்கிள். பள்ளிக்கூடத்துப் பொட்டல்ல சீலையத் தூக்கிச் சொருகிக்கிட்டுப் பொம்பளைக சைக்கிள் பழகுனதை ஊரு ஆம்பளைக வேலிக்கு வெளிய நின்னு கேலி பண்ணுனோம். ஆமா, நானுந்தான். பி. சாய்நாத்னு ஒரு பத்திரிகைக்காரரு வந்து அதை எழுத, வடக்க எட்டாங் கிளாசு இந்திப் புத்தகத்துல அது ரொம்ப வருசம் பாடமா இருந்துச்சு. நம்ம ஊரு பொம்பளைக பெடல் மிதிச்சதை டெல்லிப் புள்ளைக பரிச்சைக்குப் படிச்சிருக்கு.

எழுத்தும் சைக்கிளும் மட்டும் வந்திருந்தா எந்தக் காண்டிராக்டரும் கவலைப்பட்டிருக்க மாட்டான். கல்லு ஒடைச்ச பொம்பளைகளையே குழுவாச் சேர்த்து, அவுக பேருலயே குவாரியைக் குத்தகைக்கு விட்டாகளே, அங்கதான் கரிச்சுச்சு. ஒண்ணு ரெண்டு இல்லை, நூத்துக்கும் மேல. ஒடைச்சவளே ரேட்டுப் பேசுனா, ஒடைச்சவளே லோடு எண்ணுனா, அவளே கணக்கு எழுதுனா. அன்னைக்கு அவுகளுக்குக் கெடைச்சது கூலி இல்லை மாப்ளே, வெலை. அந்தக் காசுலதான் உன்னைய அரணாக் கவுறோட திரியாம டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புனா. அப்புறம் சில வருசத்துல பழைய ஆளுக கை மறுபடி ஓங்கிருச்சு, குத்தகை கை மாறிப்போச்சு. அது தனிக்கதை, சொன்னா எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். நான் சொல்ல வந்தது, பொம்பளைக்கு வேலை தெரியாது, கணக்கு வராதுங்கிறதை இந்த மாவட்டத்துல நின்னுக்கிட்டு நீ சொல்லப்படாது. வேற மாவட்டத்துக்குப் போயிச் சொல்லு.

இப்ப என்ன பொலம்புறே? உரிமைத்தொகை ஆயிரம் ரூபா வந்ததுல இருந்து பொம்பளைக வேலைக்கு வர மாட்டேங்குறாகன்னா? கணக்குப் போடுவோம். மாசம் ஆயிரம்னா நாளைக்கு முப்பத்து மூணு ரூபா. நீ ஒரு சித்தாள்கிட்ட ஒரு நாளைக்குப் புடிச்சு வைக்கிறது எரநூத்தி அம்பது. நாலே நாள்ல கவர்மெண்டு குடுத்த ஆயிரத்தை நீ திருப்பி வாங்கிர்றே. நூறு நாள் வேலையையும் வையிறே. 2025-26-ல நம்ம தமிழ்நாட்டுக்கு அதுல 336 ரூபான்னு வச்சாக, ஆம்பளைக்கும் அதே, பொம்பளைக்கும் அதே. அது உன் நானூத்தி அம்பதை விடக் கம்மிதான். ஆனா பக்கத்துல நிக்கிறவனுக்கும் அதே 336-ங்கிறப்ப மனசு எரியலை. அதைப் பார்த்துட்டு உன்கிட்ட வந்து நிக்கிறப்பதான் உன் சித்தாளுகளுக்குப் புது எரிச்சல் வந்திருக்கு.

அந்த எரிச்சல் உனக்குத் தெரியாததா? சிங்கப்பூர்ல ஆறு வருசம் இருந்தப்ப ராத்திரி ராத்திரி போன் போட்டு என்கிட்ட என்ன சொன்னே? “அதே வேலை மாமா, நான்தான் அவனுக்குச் சொல்லியே குடுக்குறேன். அந்த ஊருக்காரனுக்கு ஒரு சம்பளம், எனக்கு ஒரு சம்பளம்.” அழுகாத கொறை. நானும் அந்த மொதலாளியை அவன் பேருகூடத் தெரியாம அறந்தாங்கி வரைக்கும் கேக்குற மாதிரி வஞ்சேன். இப்ப அதே வசவை எடுத்து யாரு மேல போடுறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருக்கேன்.

உன் மகதான் செல்லுல ஒண்ணு காட்டுச்சு. ஐஸ்லாந்துன்னு ஒரு குளிர்ப் பிரதேசம். 1975 அக்டோபர் 24-ஆந் தேதி அந்த ஊருப் பொம்பளைகள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேரு ஆபீசும் போகலை, அடுப்பும் பத்த வைக்கலை. ஆம்பளைக புள்ளையத் தூக்கிட்டு ஆபீசுக்குப் போயி, என்ன பண்றதுன்னு தெரியாம நின்னானுகளாம். மறு வருசமே சமத்துவச் சட்டம் வந்துருச்சு, அஞ்சாவது வருசம் ஒரு அம்மாவே அந்த நாட்டுக்கு அதிபரா வந்துட்டாக. உனக்கு ரெண்டே ரெண்டு பேருதான் நின்னிருக்காக. சந்தோசப்படு. உங்க வீட்டுல ஆத்தாவும் பொஞ்சாதியும் மகளும் சேர்ந்து நின்னா, இந்த டீயைக்கூட நான்தான் ஊதிக் குடுக்கணும்.

என்ன, டீ ஆறிப் போச்சா? குடி. கடைசி யோசனை ஒண்ணு இருக்கு, இதுக்குக் காசு வேணாம். கான்கிரீட்டுக்கு முன்னாடி போயி அந்த ரெண்டு பேரையும் கூப்புடு. சனிக்கிழமை கூலி போடுறப்ப ஆம்பளை ஆளுக்கும் பொம்பளை ஆளுக்கும் ஒரே எழுநூறை எண்ணி வையி. செவுரு சாயுதுன்னு சொன்ன அம்மாகிட்டத் திங்கக்கிழமை கரணையைக் குடு. கட்டுப்படியாகலைன்னா வீட்டுக்காரருகிட்டச் சதுர அடிக்கு ரேட்டைக் கூட்டிக் கேளு. கிரானைட்டுக் கல்லு பதிக்கக் காசு வச்சிருக்கிற ஆளு, அதைச் சொமந்தவளுக்கும் குடுப்பாரு.