பெயரைச் சொல்லாதே!

நாடக அரங்குக்குள் 'மேக்பெத்' என்று சொன்னால் ஆகாதாமே?

நல்லவேளை, எழுதிக் கேட்டீர்கள். லண்டன் நடிகர்கள் அந்த நாடகத்தை 'ஸ்காட்லாந்து நாடகம்' என்றுதான் சொல்வார்கள். நம் பாட்டிகள் தாத்தா பெயரைச் சொல்லாத மாதிரி!

வாய் தவறிவிட்டால் பரிகாரம்?

வெளியே போய் மூன்று சுற்றுச் சுற்றி, துப்பி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் கூப்பிட்டால்தான் வரலாம். ஆபீசில் முயலாதீர்கள், கூப்பிட மாட்டார்கள்.

முதல் அரங்கேற்றத்திலேயே லேடி மேக்பெத் வேஷக்காரப் பையன் செத்துப்போனானாமே?

எப்படிச் சாவான்? அவன் பிறக்கவே இல்லையே! மேக்ஸ் பீர்போம் என்ற எழுத்தாளர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிவிட்ட கதை அது. ஆனால் 1849 மே 10 நிஜம். ஆங்கிலேயர் மெக்ரெடியா, அமெரிக்கர் ஃபாரஸ்டா, யார் பெரிய மேக்பெத் என்று நியூயார்க்கில் ரசிகர்களுக்குள் பகை. ஆஸ்டர் பிளேஸ் அரங்க வாசலில் கலவரம். படை சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் பலி. நாடகத்தில் வரும் சூனியக்காரிகள் யாரும் துப்பாக்கி வைத்திருக்கவில்லை.

நடித்துக்கொண்டே உயிரை விட்டவர் உண்டா?

கிட்டத்தட்ட. பாரிஸில் மொலியேர், 1673 பிப்ரவரி 17. மேடையில் துவண்டும் நாடகத்தை முடித்துக்கொடுத்தார். சில மணி நேரத்தில் வீட்டில் இறந்தார். அன்றைய வேஷம்? நோயே இல்லாமல் தன்னை நோயாளி என்று நினைத்துக்கொள்கிறவன்.

காலி அரங்கில் ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறதே, பேய்க்கா?

பெயர் என்னவோ 'கோஸ்ட் லைட்'தான். நடுமேடையில் ஒரு கம்பி, அதன் தலையில் மொட்டை பல்பு. பேய்க்கு எதற்கு வெளிச்சம்? காலையில் முதலில் வருகிறவர் வாத்தியக்காரர்களின் பள்ளத்தில் விழுந்து, இன்னொரு பேயாகிவிடக் கூடாதே!