ஃபீனிக்ஸ்வில் நக்கீரர்

பயங்கரப் படம் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் பயப்படுவதற்காகவே போகிறார்கள் என்று நினைப்பது உலக அனுபவம் போதாதவர்களின் அபிப்பிராயம். பக்கத்தில் இருப்பவள் திடுக்கிட்டுத் தன் கையைப் பற்றிக்கொள்ளும் சுபமுகூர்த்தத்தை எதிர்பார்த்துப் போகிறவன் ஒருவன். வீட்டுப் புழுக்கம் தாங்காமல் கொட்டகைக் குளிர்ச்சியை நாடிப் போகிறவர் ஒருவர். பிள்ளைகளின் நச்சரிப்புப் பொறுக்கமாட்டாமல் போய், படம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிஷத்தில் குறட்டை விடுகிற தகப்பனார் மற்றொருவர். இவர்களெல்லாம் சாமானிய ஜனங்கள். இவர்களைப் பற்றி எழுதுவதற்கு விசேஷமாக ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்த மனிதரோ பயத்தையும் தேடாமல், கதையையும் தேடாமல், குற்றத்தை மட்டுமே தேடிக் கொட்டகைக்குப் போகிறவர். நக்கீரருடைய வம்சம் சங்கப் பலகையோடு முடிந்துபோய்விட்டது என்று யாராவது வருத்தப்பட்டால், இவரைக் காட்டி ஆறுதல் சொல்லலாம்.

இந்தப் பிரகிருதி எந்த ஊரிலும் அகப்படும் என்றாலும், கலப்பற்ற மாதிரியைக் காண விரும்புகிறவர்கள் அமெரிக்க தேசத்துப் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்ஃபியாவுக்கு அண்மையிலுள்ள ஃபீனிக்ஸ்வில் என்னும் சிற்றூருக்கு ஜூலை மாதத்தில் போவது நல்லது. அங்கே 1903ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கலோனியல் தியேட்டர் என்ற பழைய கொட்டகை ஒன்று இருக்கிறது. 1958இல் வெளிவந்த 'தி பிளாப்' என்ற படத்தில், ராட்சசப் பிண்டம் ஒன்று புகுந்துவிட, ஜனங்கள் கூக்குரலிட்டுக்கொண்டு விழுந்தடித்து வெளியே ஓடிவரும் கொட்டகை இதுதான். ஊருக்கு நேர்ந்த அந்தக் கற்பனை ஆபத்தை ஊர்க்காரர்கள் ஒரு பெருமையாகவே பாவித்து, 2000ஆம் ஆண்டு முதல் வருஷந்தோறும் 'பிளாப்ஃபெஸ்ட்' என்று உற்சவம் கொண்டாடுகிறார்கள். உற்சவத்தில் தகரக் காகிதத் தொப்பிப் போட்டி உண்டு. தீயணைப்புக் குப்பிகளை ஏந்திய ஊர்வலம் உண்டு. எல்லாவற்றுக்கும் சிகரமாக, கொட்டகை நிறைய ஜனங்களைச் சேர்த்துவைத்து, படத்தில் ஓடியது போலவே எல்லோரும் அலறிக்கொண்டு வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடிவரும் வைபவம் ஒன்றும் உண்டு. தேர் இழுப்பதற்குக் கூடுவது போல அதற்குக் கூட்டம் கூடுகிறது.

படத்தின் கதையைச் சொல்லிவிட அதிக நேரம் ஆகாது. வானத்திலிருந்து ஒரு கல் விழுகிறது. கிழவர் ஒருவர் அதைக் குச்சியால் குத்திப் பார்க்க, உள்ளேயிருந்த கூழ் குச்சி வழியாக ஏறி அவருடைய கையைப் பற்றிக்கொள்கிறது. கிழவரை விழுங்கி, வைத்தியரை விழுங்கி, விழுங்க விழுங்கச் சிவந்து பருத்துக்கொண்டே போகும் அந்த வஸ்துவை ஸ்டீவ் என்ற பையனும் ஜேன் என்ற பெண்ணும் பார்த்துவிட்டு ஊரை எச்சரிக்கிறார்கள். பெரியவர்களோ வழக்கம்போல, "சின்னப் பசங்கள் விளையாடுகிறார்கள்" என்று தட்டிக்கழிக்கிறார்கள். கடைசியில் பையன் சொன்னதுதான் மெய் என்று போலீஸாரும் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரும் ஒப்புக்கொள்ள நேர்கிறது. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளிக் கொட்டகைகளில் அந்தக் காலத்து அமெரிக்க வாலிபர்கள் இதைக் கண்டு குதூகலித்தார்கள் என்றால், பிண்டத்தைக் கண்ட பயம் அதற்குக் காரணம் என்று நான் நம்பவில்லை. தகப்பனாருடைய தலைமுறை முழுவதும் அசடு வழிவதைத் திரையில் கண்ணாரக் காண்பதற்குக் காசு கொடுக்காத வாலிபன் எந்த தேசத்தில் இருக்கிறான்?

நம்முடைய நக்கீரர் அன்று அப்படிக் குதூகலித்தவர்களில் ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும். இன்று அவருக்குத் தலை நரைத்துவிட்டது. கொட்டகையின் நடுவில், நடைபாதையை ஒட்டிய ஆசனம் அவருக்குப் பிரியமானது; படம் ஆரம்பிப்பதற்கு அரை மணிக்கு முன்பே அதில் அமர்ந்து, ஒரு பக்கத்தில் மனைவியையும் மறு பக்கத்தில் விதி கொண்டுவந்து உட்காரவைக்கும் அந்நியனையும் வைத்துக்கொண்டு காத்திருப்பார். மனைவிக்கு எல்லாம் மனப்பாடம். ஆகையால் அவருடைய வித்வத்துக்கு இலக்காவது அந்த அந்நியன்தான். முழங்கையே அவருடைய ஆயுதம். குற்றம் திரையில் தோன்றிய பிறகு சுட்டிக்காட்டுவது கற்றுக்குட்டிகள் செய்கிற காரியம். அவரோ குற்றம் வருவதற்கு அரை விநாடி முன்பாகவே பக்கத்து ஆசாமியின் விலாவில் மெதுவாக ஓர் இடி இடித்து, "இப்போது பாருங்கள்" என்று காதோடு சொல்லி, திரையைப் பார்க்காமல் அந்த ஆசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தில் சிரிப்பு அரும்பினால்தான் அவருக்கு டிக்கெட் காசு செரித்த மாதிரி.

"பள்ளிக்கூடத்துப் பையன் என்கிறார்களே, இவருக்கு என்ன வயது தெரியுமா? படம் பிடிக்கும்போது ஸ்டீவ் மெக்குவீனுக்கு இருபத்தேழு!" என்று முதல் இடி விழும். அந்நியன் நெளிந்து சிரிப்பதற்குள், "கதாநாயகிக்கு இருபத்துநான்கு ஆகப்போகிறது" என்று இரண்டாவது இடி. பிறகு இடிகளுக்குக் கணக்கில்லை. பிண்டம் என்பது சிவப்புச் சாயம் கலந்த சிலிகோன் என்பதும், அது ஊர்வதாகத் தோன்றும் இடங்களில் உண்மையில் பொம்மை வீட்டைத்தான் சாய்த்து அதை வழியவிட்டார்கள் என்பதும், டைரக்டர் இர்வின் யேவொர்த் அதற்கு முன்பு மதப் பிரசாரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த பரம சாதுவான மனிதர் என்பதும், மொத்தச் செலவே ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர்தான் என்பதும், மெக்குவீன் வசூலில் பங்கு வேண்டாம், கையில் ரொக்கமாக மூவாயிரம் டாலர் போதும் என்று வாங்கிக்கொண்டு போனதும், பிறகு படம் லட்சலட்சமாக வசூலித்ததைப் பார்த்து அவர் எவ்வளவு வயிறெரிந்திருப்பார் என்பதும், ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் வந்து விழுந்துகொண்டேயிருக்கும். ஆரம்பத்தில் வரும் பாட்டின் மெட்டைப் பற்றி ஒரு தனி வியாக்கியானம் உண்டு. பிற்காலத்தில் மகா கீர்த்தி பெற்ற பர்ட் பாக்கராக் போட்ட மெட்டு அது. பயங்கரப் படத்துக்குப் பாட்டுக் கேட்டால் கல்யாணப் பந்தலில் கூத்தாடுவதற்கு லாயக்கான பாட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறாரே என்று அங்கலாய்த்துக்கொண்டே நம்மவர் அதற்குக் காலால் தாளம் போடுவார்.

ஆனால் அவருடைய ஞானம் முழுப் பிரகாசத்தோடு ஜொலிப்பது கொட்டகைக் காட்சியில்தான். அந்த இடத்தின் விசித்திரத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கலோனியல் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள், திரையில் கலோனியல் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களைப் பார்க்கிறார்கள். திரையில் உள்ளவர்களும் ஒரு பயங்கரப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் தலைக்குப் பின்னால் படம் காட்டும் அறை இருக்கிற அதே திக்கில், அவர்கள் தலைக்குப் பின்னாலும் படம் காட்டும் அறை இருக்கிறது. அதற்குள்தான் காற்றுப்போக்கி வழியாகப் பிண்டம் கசிந்து இறங்குகிறது. எத்தனை வேதாந்தம் படித்தவனுக்கும் அந்தச் சமயத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றும். கொட்டகை முழுவதும் கை தட்டி ஆரவாரம் செய்வதற்குக் கூட, பாதிக் காரணம் அந்தக் கூச்சத்தை மறைப்பதுதான் என்பது என் ஊகம். நம்மவர் திரும்பமாட்டார். ஜனங்கள் வெளியே ஓடிவரும் காட்சியில் எவரெவர் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்பது அவருக்கு அத்துபடி. "இதோ, இந்தப் பையன் சிரிக்கிறான் பாருங்கள்! அதோ, அந்த அம்மாள்! சாகப்போகிற முகமா அது? திருவிழாவுக்குப் போகிற முகம்!" என்று பரவசப்பட்டு, விலாவில் இடிப்பதையும் மறந்து, அந்நியனுடைய தோளையே பற்றிக்கொண்டுவிடுவார்.

அவருக்குப் பிடிக்காத ஜீவன் உலகத்தில் ஒன்றே ஒன்று உண்டு. அது உண்மையாகவே பயப்படுகிற பார்வையாளர். முன் வரிசையில் எந்தக் குழந்தையாவது முகத்தை மூடிக்கொண்டு அம்மாவின் மடியில் புதைந்துகொண்டால், தமக்கு இழைத்த அவமரியாதையாக அதை எடுத்துக்கொண்டு, அது வெறும் சாயம் போட்ட கோந்து என்று அதற்கு உபதேசம் செய்யத் தொடங்குவார். அப்போது மனைவி குறுக்கிட்டு, "அந்தக் குழந்தையாவது கொடுத்த காசுக்குப் படம் பார்க்கட்டுமே" என்பாள். இந்த அம்மாளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். இத்தனை வருஷமாக ஒரு படத்தையும் அதன் உரையையும் சேர்த்துக் கேட்டு வந்தும், பிண்டம் கதவின் கீழே நுழையும்போது இன்னமும் பாதத்தைத் தூக்கி ஆசனத்தின்மேல் வைத்துக்கொள்கிறாள் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

1988இல் இதே கதையைப் பணத்தை வாரி இறைத்துப் புதிதாக எடுத்தார்கள். தந்திரக் காட்சிகள் எல்லாம் அபாரம். பிண்டம் மனிதரைக் கரைக்கிற விதத்தைப் பார்த்தால் சாப்பிட்ட சாப்பாடு வெளியே வந்துவிடும். நம்மவர் அதைப் போய்ப் பார்த்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. கேட்டவர்களிடம், வானத்திலிருந்து வந்த வஸ்துவைச் சர்க்கார் செய்த ஆயுதம் என்று மாற்றிவிட்டார்களே என்று ஒரு காரணம் சொன்னார். வாஸ்தவமான காரணம் என்னவென்றால், ஒன்றரை மணி நேரமும் அவருடைய முழங்கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு வருஷத்து உற்சவத்தில் ஒரு சோதனை வந்தது என்று வைத்துக்கொள்வோம். படம் முடிந்து, தீயணைப்புக் குப்பிகளின் குளிர்ந்த புகையால் உறைந்துபோன பிண்டத்தை ஆகாய விமானத்தில் ஏற்றி வடதுருவப் பிரதேசத்தில் இறக்கிவிட்டு, முடிவு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வந்து நின்றபின், கூட்டம் முன்கூடத்துக்கு வந்துவிட்டது. நம்மவர் சுற்றிலும் ஒரு சிறு சபையைச் சேர்த்துக்கொண்டு பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறார். தகரக் காகிதத் தொப்பி போட்ட பத்து வயதுப் பையன் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"ஸார், அந்தப் பிண்டத்துக்குக் குளிர் ஆகாதுதானே?"

"ஆகாது, தம்பி. கடையில் மாமிசம் வைக்கும் குளிர் அறைக்குள் ஸ்டீவும் ஜேனும் ஒளிந்துகொண்டபோது கதவு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்றே, பார்க்கவில்லையா?"

"பார்த்தேன். ஆனால் தியேட்டர் வாசலில் குளிர்சாதன வசதி உண்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதே! அப்படியானால் அது எப்படி உள்ளே வந்தது?"

சபை கொல்லென்று சிரித்தது. நம்மவர் சிரிக்கவில்லை. எத்தனையோ தடவை படித்த பலகை அது; ஓடிவருகிறவர்களின் பற்களை எண்ணிக்கொண்டிருந்ததில் தலைக்கு மேலே இருந்ததைக் கோட்டைவிட்டிருக்கிறார். அவருடைய முகம் முதலில் வெளுத்தது. பிறகு பிண்டத்தின் நிறத்தை அடைந்தது.

"அந்தக் காலத்துக் குளிர்சாதனம், தம்பி," என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார், "பலகையில் இருக்கும் அளவுக்கு உள்ளே இருக்காது. தவிரவும் அது நடுநிசிக் காட்சி. நடுநிசியில் இயந்திரத்தை நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தாவிட்டாலும்தான் என்ன? மாமிசம் உறைகிற குளிர் வேறு, மனிதர் உட்காருகிற குளிர் வேறு. அது கூடவா தெரியாமல் படம் எடுத்திருப்பார்கள்?"

"ஆனால், ஸார்…"

"ஆனாலும் கிடையாது, ஆவன்னாவும் கிடையாது! நாலு ஊர்க்காரர்களையும் ஒரு வாளிக் கோந்தையும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதை ரசிக்காமல், எங்கே ஓட்டை என்று பார்த்துக்கொண்டிருப்பதா?"

கார் நிற்கும் இடம் வரையில், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரசனை என்பது அடியோடு அற்றுப்போய்விட்டதைப் பற்றி மனைவியிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாளைப் பகல் காட்சிக்கு டிக்கெட் வாங்கியாயிற்றா என்று மட்டும் விசாரித்தாள்.

"வாங்காமலா? அந்தப் பலகையில் உண்மையிலேயே என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?"