உருண்டை, குச்சி, சுருள்... அவ்வளவுதானா?

கேள்வி: மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாக்டீரியாவில் உருண்டை, குச்சி, சுருள் என்று மூணே சாயல்தான். இதில் என்ன பெரிய வகை வேண்டிக்கிடக்கிறது?

பதில்: முகத்தைப் பார்க்காதீர்கள், பிழைப்பைக் கேளுங்கள். யானை, எறும்பு, எம்.எல்.ஏ. எல்லோருக்கும் ஒரே பிழைப்பு: தின்றதை ஆக்சிஜனில் எரிப்பது. பாக்டீரியாவில் ஒன்று இரும்பைத் துருவாக்கிப் பிழைக்கும்; ஜியோபாக்டர் அந்தத் துருவையே மூச்சுக்கு வைத்துக்கொள்ளும். அம்மோனியாவில் வயிறு வளர்ப்பவை உண்டு. ஆக்சிஜன் பட்டாலே செத்துப்போகிறவையும் உண்டு.

கேள்வி: சில பாக்டீரியா கந்தகத்தைத் தின்றே உயிர் வாழ்கிறது என்கிறார்களே, அதை யார் போய்ப் பார்த்தார்கள்?

பதில்: ரஷ்யாவின் செர்கெய் வினோகிராட்ஸ்கி. கந்தக ஊற்றுகளில் வளரும் பெக்கியாட்டோவா இழைகளுக்கு அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு நீரைக் கொடுத்தார். இழைக்குள் கந்தக மணிகள் பளபளத்தன. நிறுத்தினார், மணிகள் கரைந்தன, பிறகு இழைகள் பட்டினியில் வாடின. 1887-ல் எழுதி வெளியிட்டார்.

கேள்வி: வெறும் கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியா உண்டா?

பதில்: உண்டு. 1997-ல் நமீபியக் கடலடிச் சேற்றில் ஹைடே ஷுல்ஸ் கண்டெடுத்த தியோமார்கரிட்டா நமீபியென்சிஸ் முக்கால் மில்லிமீட்டர் வரை வளரும். அதன் கஷ்டம் என்னவென்றால், சாப்பாடான சல்பைடு கீழே சேற்றில். மூச்சுக்கு வேண்டிய நைட்ரேட் மேலே தண்ணீரில். நீந்தவும் வராது. அதனால் அலை சேற்றைக் கலக்கும்போது நைட்ரேட்டை உள்ளே நிரப்பிக்கொள்கிறது, தண்ணீர் லாரி வந்ததும் இருக்கிற குடத்தையெல்லாம் நிரப்புகிற நம் தெருக்காரர்களைப் போல. உடம்பில் பெரும்பகுதி அந்தக் குடம்தான். உயிர்ச்சரக்கு ஓரத்தில் மெல்லிய படலமாக ஒட்டிக்கிடக்கிறது. மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். 2022-ல் அதன் உறவினர் ஒன்றை அறிவித்தார்கள்: குவாதலூப் தீவின் அலையாத்திக் காட்டில் மக்கும் இலைகளின் மேல், ஒரே செல், நீளம் சுமார் 1 செ.மீ.! இடுக்கியால் எடுக்கலாம்.

கேள்வி: இட்லி மாவு பொங்க ஈஸ்ட் போடலாமா?

பதில்: எதற்கு? உளுந்தோடு வரும் லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா புளிப்பையும் தரும், கார்பன் டை ஆக்சைடையும் விடும். கூலி கேட்காத ஆளை வைத்துக்கொண்டு வெளியாளைக் கூப்பிடுவானேன்?

கேள்வி: மாட்டு வயிற்றில் மீத்தேன் விடும் பாக்டீரியாவை ஒழித்துவிட்டால் பூமி குளிர்ந்துவிடாதா?

பதில்: அது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா. தனிக்குலம் என்று 1977-ல் கார்ல் வூஸ் பிரித்துவைத்தார். வைக்கோலைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் கழிக்கும் ஹைட்ரஜனைத்தான் அது மீத்தேனாக்குகிறது. அந்தக் குப்பையை அள்ள ஆளில்லையென்றால் சிதைக்கும் வேலையும் மந்தமாகும். இன்னொன்று: பின்பக்கத்தைப் பழிக்காதீர்கள், வருவது பெரும்பாலும் ஏப்பத்தில்.

கேள்வி: யார் சகவாசமும் இல்லாமல் நிம்மதியாக வாழ ஓர் இடம் சொல்லுங்களேன்.

பதில்: தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கம், 2.8 கி.மீ. ஆழம். டெசல்ஃபோருடிஸ் என்ற பாக்டீரியா அங்கே கிட்டத்தட்ட தனிக்குடித்தனம். பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளக்க, வரும் ஹைட்ரஜன் அதற்குச் சாப்பாடு, மூச்சுக்கு சல்பேட். வெயில் வேண்டாம், காற்று வேண்டாம். வெப்பம் மட்டும் 60 டிகிரி. பரவாயில்லையா?