பட்டியல் அப்பா

பட்டியல் அப்பாவை அடையாளம் காண அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தால் போதும். சார்ட் பேப்பர், அடிஸ்கேல் வைத்துப் போட்ட கோடு, சிவப்பு ஸ்கெட்ச்சில் தலைப்பு: 'வயதுக்கேற்ற வீட்டு வேலைகள்'. இடப்பக்கம் வயது, வலப்பக்கம் பிள்ளைகளின் பெயர், நடுவில் வேலை. அதற்கு நேர் எதிரே பிளாஸ்டிக் சேரில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தரச் சொல்லி உள்ளே இருக்கிற மனைவியைக் கூப்பிடுகிறாரே, அவர்தான்.

எல்லா ஊரிலும் இருக்கிற இனம்தான் இது. கேரள எல்லையில் இருக்கிற எங்கள் கம்பம்மெட்டில் கொஞ்சம் வீரியம் கூடுதல். விடிந்தும் விடியாமலும் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்புகள் மலையேறி வரும். ஏலத்தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் வண்டன்மேடு பக்கம் கொஞ்சம், நெடுங்கண்டம் பக்கம் கொஞ்சம் என்று வண்டிகள் பிரியும். கவாத்துக்கு எத்தனை பேர், காய் எடுக்க எத்தனை பேர் என்று நோட்டில் குறித்துக்கொண்டு நிற்கும் கங்காணியைப் பார்த்தே வளர்ந்தவர் நம்மாள். அவருக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் ஏலம். அதற்குக் கங்காணி வேலை பார்க்க வழியில்லை. மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஆசை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

மூத்தவன் ஆறாம் வகுப்பு. அடுத்தவள் மூன்றாம் வகுப்பு. கடைக்குட்டிக்கு மூன்று வயது. பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வயதுக்கு விளையாட்டுச் சாமான்களைக் கூடையில் போடுவது, வாசலில் செருப்பை ஜோடி சேர்த்து வைப்பது. எட்டு வயதுக்குத் துணி மடிப்பது, சின்ன வெங்காயம் உரிப்பது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது. பதினொன்றுக்கு வீடு கூட்டுவது, அரிசி களைந்து உலை வைப்பது, அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் மட்டும். மருந்து அடித்த ஏலத்துக்குள் எந்த வயதுப் பிள்ளைக்கும் வேலை இல்லை என்று அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். ஏலம் எவ்வளவு மருந்து குடிக்கிற பயிர் என்று தெரிந்தவர்கள் அந்த ஒரு வரிக்காகவே அவரைப் பாராட்டலாம்.

பட்டியல் ஒட்டிய அன்று கடைக்குட்டிதான் ரொம்பச் சுறுசுறுப்பு. வாசலில் கிடந்த செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்தான், அப்பாவின் இடதுகால் செருப்புக்கு அப்பத்தாவின் இடதுகால் செருப்பு என்று. அது முடிந்ததும் அக்காவின் வேலையிலும் கை வைத்தான். தண்ணீரில் ஊறிக்கிடந்த சின்ன வெங்காயம் ஒன்றை எடுத்துத் தோலை உரித்தான். அடுத்த தோலையும் உரித்தான். உள்ளே ஏதோ இருக்கிறது என்று அவனுக்கு உறுதியான நம்பிக்கை. கடைசி இதழையும் பிரித்துப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் வெறுங்கையைக் காட்டி, "காணோம்மா" என்றான். அன்றைக்குக் குழம்பில் வெங்காயம் குறைவு. "போடா அங்கிட்டு, வேலையைக் கெடுக்காத" என்று விரட்டினார் அப்பா. இங்கேதான் எனக்கு அவரோடு தகராறு. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியாது, ஆனால் செய்ய ஆசை. பதினொரு வயதுப் பையனுக்குத் தெரியும், ஆனால் ஆசை செத்துப்போயிருக்கும். ஆசை இருந்த காலத்தில் விரட்டிவிட்டு, அது போன பிறகு சார்ட் பேப்பர் வாங்க ஓடுகிறோம்.

கேட்டால் குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியைச் சாட்சிக்கு இழுப்பார். "அந்தம்மா யாருன்னு நினைச்சீங்க? நம்ம கொடைக்கானல்ல இருந்தவங்க!" உண்மைதான். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த அந்த இத்தாலிய அம்மையார், உலகப் போர்க் காலத்தில் சில வருடம் கொடைக்கானலில் தங்கினார். ஜாடியிலிருந்து ஜாடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தூசி துடைப்பது, பொத்தான் போடுவது எல்லாம் குழந்தைக்குப் படிப்புதான் என்றார். ஜாடியும் துடைப்பமும் குழந்தை கைக்கு அடங்குகிற அளவில் இருக்க வேண்டும், முதலில் பெரியவர் நிதானமாகச் செய்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். நம்மாள் மாண்டிசோரியைப் பாதியில் மூடிவைத்துவிட்டார் போலிருக்கிறது. மூத்தவன் கையில் கொடுத்த விளக்குமாறு அவன் உயரத்துக்கு இருந்தது. செய்து காட்டுவதும் நடக்கவில்லை. "மூலையில குப்பை நிக்குது பாரு" என்று சேரிலிருந்து விரல் மட்டும் நீண்டது.

மூத்தவன் லேசுப்பட்டவன் இல்லை. "பதினாலு வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்கப்பா" என்றான் ஒருநாள். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சட்டம் பேச ஆள் கிடைப்பது மெட்டில் அபூர்வம். 1986-ல் வந்த சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள், பதினாலுக்குக் கீழே யாரையும் வேலைக்கு அமர்த்தக் கூடாது, ஆனால் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத்துக்கு ஒத்தாசை செய்யலாம், அதிலும் ஆபத்தான வேலை ஆகாது என்று விளக்கினார். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப காலையில பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி வீடு கூட்டச் சொல்றது தப்புத்தானே?" என்றான். அப்பாவிடம் பதில் இல்லை. உள்ளே அம்மா சிரிப்பை அடக்கியதில் தாளிப்பு கருகிப்போனது.

பிறகு நட்சத்திரத் திட்டம் வந்தது. ஒரு வேலைக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர், பத்து சேர்ந்தால் கம்பத்திலிருந்து பன்னீர் திராட்சை. ஒரு வாரம் வீடு பளபளத்தது. அதற்குள் நடுவுள்ளவள் தொழில் நுணுக்கத்தைப் பிடித்துவிட்டாள். துணி மடிக்கிற வேலையைத் தம்பிக்குக் குத்தகைக்கு விட்டாள். கூலி ஒரு தேன்மிட்டாய். அவன் சுருட்டிக் கொடுத்ததை அவள் தட்டிச் சரிசெய்து அலமாரியில் அடுக்கினாள். நட்சத்திரம் அவள் பெயரில் ஏறியது. ரத்தத்திலேயே கங்காணித்தனம் இருந்தால் என்ன செய்வது! குட்டு வெளிப்பட்டபோது அப்பாவுக்குக் கோபம் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெருமையாக நாலு பேரிடம் சொன்னார்.

உண்மையான சோதனை ஒரு பாடப்புத்தகம் வழியாக வந்தது. கேரள அரசு 2024 ஜூனில் சில வகுப்புகளுக்குப் புதுப் பாடப்புத்தகம் போட்டது. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு சமையலறைப் படம். அம்மா அடுப்படியில் நிற்கிறார், அப்பா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார். பத்திரிகைகளெல்லாம் அந்தப் படத்தைப் பற்றி எழுதின. நடுவுள்ளவள் புத்தகத்தை விரித்து அப்பா மடியிலேயே வைத்துவிட்டாள்.

"அப்பா, இவரு என்ன செய்யுறாரு?"

"தேங்காய் துருவுறாரு."

"நீங்க ஏன் துருவுறதில்ல?"

"அது படம்மா."

"புத்தகத்துல இருக்கிறது எல்லாம் உண்மைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்பத்தா முற்றத்தில் கட்டன்காப்பி குடித்துக்கொண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைக்காமலே, "ஏப்பா, அந்த அட்டையில நாப்பது வயசுக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டது. கேட்கிற உரிமை அதற்கு உண்டா என்பது தனி வழக்கு. மகனை அவன் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்கவிடாமல் வளர்த்த புண்ணியவதி அதுதான். ஆண் பிள்ளை ஏனம் கழுவினால் வீடு விளங்காது என்று தெருவுக்கே உபதேசம் செய்ததும் அதுதான். எழுபதில் ஞானம் வந்திருக்கிறது, பேத்தியின் புத்தகம் வழியாக.

நம்மாள் புள்ளிவிவரத்துக்குள் புகுந்தார். மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் வீட்டு வேலை செய்கிற பெண் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம், ஆண் 88 நிமிடம். "பாத்தியா, ஆம்பளைங்களும் ஒன்றரை மணி நேரம் செய்யுறாங்க!" என்றார் வெற்றிக் களிப்போடு. அது ஏதாவது வேலை செய்கிற ஆண்களுக்கு மட்டும் போட்ட சராசரி. செம்பைக்கூட நகர்த்தாத ஆண் அந்தக் கணக்குக்குள்ளேயே வரமாட்டார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. பக்கத்து வீடு, நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் தேங்காய் துருவினார். ஊரே பார்க்க முற்றத்தில் உட்கார்ந்து துருவினார். துருவலில் பாதி கடைக்குட்டி வாய்க்குள் போனது, கொஞ்சம் அவர் வாய்க்குள்ளும். இப்போது மாதம் ஒருமுறையாவது துருவுகிறார். துருவி முடித்துவிட்டுத் திருவலகு, சிரட்டை, சிந்திய பூ எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோய், அதை எடுத்து வைக்கிற வேலையை மூத்தவன் பெயருக்கு நேரே எழுதிவிடுகிறார். முழுக்கத் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான், சான்று போதவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். பட்டியலைக் கிழிக்காதீர்கள், அது நல்ல பட்டியல், பிள்ளைகளுக்கு உதவும். சண்டையும் வேண்டாம், புள்ளிவிவரம் பேசி நேரத்தைத் தின்றுவிடுவார். இன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனதும் அந்தத் தட்டை மட்டும் யாரும் தொடாதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். சேர் பக்கத்திலேயே இருக்கட்டும். எறும்பு வந்தால் எழுந்திருப்பார்.