இல்லாத தாத்தாவின் விலை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் யார் வீட்டுத் தாத்தாவையும் விலைக்கு வாங்கலாம். தலைப்பாகை, காதில் கடுக்கன், உருட்டும் விழி. படச்சட்டம் அசல் பர்மா தேக்கு என்றால் தாத்தாவுக்கும் மவுசு. கரையான் தொட்டிருந்தால் கண்ணாடி மட்டும் தனியாகப் போகும்; தாத்தா சும்மா.

நியூயார்க்கில் கதை வேறு. 2018 அக்டோபரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 'எட்மண்ட் டி பெலமி' என்ற கனவானின் படம் 4,32,500 டாலருக்குப் போனது. ஏலக்காரர்களே எதிர்பார்த்தது 10,000க்குள்தான். கறுப்புக் கோட்டு, கலங்கிய முகம், தங்க முலாம் சட்டம் என்று பரம்பரைக் களை சொட்டியது. ஆள்தான் கிடையாது. சுமார் 15,000 பழைய உருவப்படங்களை மென்று கணினி துப்பிய முகம் அது. ஓவியர் கையெழுத்து இருக்கவேண்டிய மூலையில் ஒரு கணிதச் சூத்திரம். (மூலப்பத்திரம் கேட்க வாரிசுகள் வரமாட்டார்கள் என்பது உண்மையிலேயே பெரிய வசதி.)

ரங்கூனில் கடை வைத்து, வட்டிக் கணக்குப் பார்த்து, பேரன் பேத்தி எடுத்த நம் காரைக்குடித் தாத்தாவோடோ, கொஞ்சம் பேரம் பேசினால் பித்தளைச் சொம்பு ஒன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.