இன்புட் நான்தான் சார்

அனலாக் எலெக்ட்ரானிக்ஸ் எங்களுக்கு மூன்றாவது செமஸ்டரில் வந்தது. விடுமுறைக்குக் காரைக்குடிப் பக்கம் ஊருக்குப் போனபோதும் திண்ணையில் உட்கார்ந்து, "கலெக்டர் கரண்ட், கலெக்டர் வோல்டேஜ்" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன். பேரன் கலெக்டருக்குப் படிக்கிறான் என்று அப்பத்தா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தது.

சென்னைக்குத் திரும்பியதும் ஆம்ப்ளிஃபையர் டிசைன். சப்ளை 12 வோல்ட், கரண்ட் 2 மில்லி ஆம்பியர். கலெக்டர் ரெசிஸ்டர் 2.400 கிலோ ஓம் என்று மூன்று தசம இடம் வரை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். ரிச்சி தெருக் கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"2.2 இருக்கு, 2.7 இருக்கு. எது வேணும் தம்பி?"

"நடுவுல எதுவும் இல்லையாண்ணே?"

"நடுவுல நான்தான் நிக்கிறேன்."

2.2 வாங்கிக்கொண்டேன். அதிலும் தங்கக் கோடு. அதாவது 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். என் மூன்று தசமங்களும் அந்தக் கடை வாசலிலேயே உதிர்ந்தன. அதோடு நிறுத்தாமல், பி.சி.107 ட்ரான்சிஸ்டரைக் காட்டி இதற்கு பீட்டா, அதாவது கரண்ட் பெருக்கம், எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். கோழிக்கு ஜாதகம் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். டேட்டாஷீட்டில் 110 முதல் 450 வரை என்று போட்டிருக்கிறது. மாப்பிள்ளைக்கு வயது 20-லிருந்து 80-க்குள் இருக்கும் என்று சொல்கிற தரகரை நாம் வீட்டுக்குள் விடுவோமா?

ஆனால் ட்ரான்சிஸ்டரை உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும். அதன் குணம் எப்படியிருந்தாலும் குடும்பம் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் எமிட்டரில் ஒரு ரெசிஸ்டர். நான் போட்டது 560 ஓம். எனக்கு அது அப்பத்தாவாகவே தெரிந்தது. ட்ரான்சிஸ்டர் சூடானால் தானாகவே கூடுதல் கரண்டை விடும்; அந்தக் கரண்டால் இன்னும் சூடாகும். கரண்ட் கூடினால் எமிட்டர் வோல்டேஜ் ஏறும். பேஸ் வோல்டேஜை இரண்டு ரெசிஸ்டர்கள் பிடித்து வைத்திருப்பதால், பேஸுக்கும் எமிட்டருக்கும் உள்ள வித்தியாசம் குறையும், கரண்ட் அடங்கும். துள்ளினால் தலையில் ஒரு குட்டு.

சங்கடம் என்னவென்றால், அப்பத்தா சிக்னலையும் சேர்த்தே குட்டும். பெருக்கம் வெறும் 4. அதற்குத்தான் பைபாஸ் கப்பாசிட்டர் என்றொரு சித்தப்பா. டி.சி. அப்பத்தாவுக்கு அடங்கி நடக்க, சித்தப்பா சிக்னலை மட்டும் கொல்லைப்புற வழியாகச் சினிமாவுக்குக் கூட்டிப் போவார். பெருக்கம் 160-ஐத் தாண்டும்.

செய்முறைத் தேர்வில் எனக்கு விழுந்ததும் இதே சர்க்யூட்தான். முதலில் பெருக்கம் 4-தான் வந்தது. ஆய்வக உதவியாளர் அண்ணன் அந்தப் பக்கம் போகிற போக்கில் ப்ரெட்போர்டைப் பார்த்து இருமினார். சித்தப்பா ஒரு துளை தள்ளி நின்றுகொண்டிருந்தார். இடம் மாற்றினேன். வந்த அலைக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. 50 மில்லி வோல்ட் உள்ளே கொடுத்துவிட்டு வெளியே மேலே 8, கீழே 8 வோல்ட் எதிர்பார்த்தால் 12 வோல்ட் சப்ளையில் அதற்கு நிமிர ஏது இடம்? இன்புட்டைக் குறைத்தேன். உடனே அலையே காணோம். ஜெனரேட்டர் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இன்புட் ஒயரின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சி.ஆர்.ஓ. திரையில் அலை ஆடத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்தார்.

"பரவாயில்லையே. இன்புட் எங்கே?"

"நான்தான் சார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட் என்று கட்டங்களை எண்ணினார். "50 ஹெர்ட்ஸ். சுவத்துல ஓடுற கரண்டு உன் உடம்பு வழியா வருது. கையை எடு."

எடுத்தேன். அலை படுத்துக்கொண்டது.

"வை."

எழுந்தது.

அவர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, பேனாவைச் சட்டைப் பையில் செருகி, தானும் ஒரு விரலை வைத்தார். அவருடைய அலை என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது. எக்ஸ்டர்னல் அல்லவா.